'வரவில்லை' என்றது கருவி

பொறியியல் முடித்து, கனடாவின் அல்பெர்ட்டாவில் எரிவாயுக் கிணறுகளைப் பராமரிக்கும் வேலையில் நான் சேர்ந்த முதல் குளிர்காலம் அது.

பழைய கிணற்றில் அழுத்தம் குறையும்போது அடியில் நீர் தேங்கி வாயுவை மறித்துக்கொள்ளும். அதை வெளியேற்றத்தான் குழாய்க்குள் பிளஞ்சர் என்ற எஃகு உருளை. வால்வை மூடினால் அடிவரை விழும். அழுத்தம் சேர்ந்தபின் திறந்தால், தன்மேல் நிற்கும் நீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மோட்டாரே கிடையாது.

ஒரு கிணற்றில் மட்டும் 'பிளஞ்சர் வரவில்லை' என்றே கட்டுப்பாட்டுக் கருவி காட்டியது. அழுத்தம் போதவில்லை என்று எண்ணி, மூடிவைக்கும் நேரத்தைக் கூட்டினேன். மறுநாளும் அதே செய்தி. இன்னும் கூட்டினேன்.

என்னுடன் வந்த மூத்த தொழில்நுட்பர் கருவியின் பக்கமே போகவில்லை. தள்ளி நின்று காதுகொடுத்துக் கேட்கச் சொன்னார். வால்வு திறந்த ஐந்தாவது நிமிடம் 'டங்' என்று ஓர் இடி. பிளஞ்சர் வந்துவிட்டது! கருவியோ அப்போதும் வரவில்லை என்றது. வருகையை உணரும் சென்சாரின் கம்பி அறுந்திருந்தது.

கிணற்றின் ஆழம் 6,000 அடி. நிமிடத்துக்குச் சுமார் 750 அடி வேகம் என்றால் எட்டு நிமிடம் ஆகவேண்டும். ஐந்து நிமிடம் என்றால் 1,200 அடி! இன்னும் கூட்டியிருந்தால் கிணற்றுத் தலையிலுள்ள ஸ்பிரிங் நொறுங்கியிருக்கும். இல்லாத கோளாறுக்கு நான்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் முதலில் சென்சார் கம்பி, பிறகு பேட்டரி, அதன்பின் அழுத்த அளவுகள். பிளஞ்சரை வெளியே எடுத்துத் தேய்மானம் பார்ப்பது கடைசி வேலை.

அன்று கம்பியை மாற்றி, நேரத்தைப் பழையபடி குறைத்தோம். அடுத்த முறை எட்டு நிமிடத்தில் வந்தது.