மலைப்பாதைக்கு எந்த டீசல் எஞ்சின்? – கண்டிப் பிரதேச பிக்கப் வாகனங்களை ஒப்பிடுதல்

"டீசல் எஞ்சின் வகைகளை ஒப்பிடுக" என்ற வினாவுக்கு, அட்டவணை ஒன்றை வரைந்து இரு பக்கமும் நான்கு குறிப்புகள் எழுதிவிட்டு நிறுத்தும் மாணவர்கள் பலர். புள்ளிகள் குறைவது அங்கேதான். வாகனம் எந்தப் பாதையில், எவ்வளவு சுமையுடன், யாருடைய பராமரிப்பில் ஓடுகின்றது என்று கேட்காமல் எது சிறந்தது எனக் கூற முடியாது. எனவே ஓரிடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. கிழக்கே மகியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில் பெயர் பெற்ற 18 வளைவுகள் உள்ளன. மரக்கறி மூட்டைகளுடன் இவ்வீதிகளில் ஓடும் பிக்கப்களில், நாம் கெப் என்று அழைப்பவற்றில், பழையவை பல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் முடங்கியிருந்ததால், இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவதே பலருக்கு ஒரே வழியாயிற்று.

எரிபொருளை உட்செலுத்தும் முறை

டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை. நெருக்கலால் சூடேறிய வளியினுள் டீசல் சிவிறப்பட்டு எரிகின்றது. டொயோட்டா ஹைலக்ஸின் பழைய 3எல் எஞ்சினில் (2779 கன சென்ரிமீற்றர்) டீசல் முதலில் சிறிய முன்னறை ஒன்றினுள் சிவிறப்படும். இது மறைமுக உட்செலுத்தல் ஆகும். முன்னறையின் சுவர்களில் வெப்பம் இழக்கப்படுவதால் நெருக்கல் விகிதம் 22:1 அளவுக்கு உயர்வாக இருக்க வேண்டும். குளிர் காலையில் குளோ பிளக் இல்லாமல் இயங்கவும் மறுக்கும். டீசல் செலவும் சற்று அதிகம். ஆனால் பம்பு முற்றிலும் பொறிமுறையானது. சாதாரண கராஜில் கழற்றிப் பார்க்கலாம்.

இசுசு 4ஜேஏ1 (2499 க.செ.மீ.) நேரடி உட்செலுத்தல் கொண்டது. டீசல் பிஸ்டனின் தலையிலுள்ள குழியினுள் நேரே பாய்வதால் வெப்ப இழப்பு குறைவு, எரிபொருள் மிச்சம். சத்தம் மட்டும் கூடுதல். பழைய எஞ்சின்களுள் எனக்குப் பிடித்தது இதுதான்.

டொயோட்டா 1கேடி (2982 க.செ.மீ.) கொமன் ரெயில் வகையைச் சேர்ந்தது. பொதுக் குழாயொன்றில் 1000 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் டீசல் காத்திருக்க, இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகு கட்டளையிடும் கணத்தில் இன்ஜெக்டர் திறக்கும். 3எல் போன்ற பழைய மறைமுக உட்செலுத்தல் எஞ்சின்களில் இன்ஜெக்டர் திறக்கும் அமுக்கம் 100 – 150 பார் அளவே. இவ்வுயர் அமுக்கத்தில் துளி நீரோ நுண்ணிய தூசோ இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பலர் கலன்களில் டீசலைச் சேமித்தனர். அப்படிச் சேமிக்கும் டீசலில் நீர் சேர்வது எளிது. 3எல் எஞ்சின் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், 1கேடி பொறுக்காது. பழுதைக் கண்டறியவும் ஸ்கேனர் வேண்டும்.

வால்வுகளை இயக்குவது எது?

நிசான் டிடி27 எஞ்சினில் பற்சில்லுகள் இவ்வேலையைச் செய்கின்றன. எண்ணெயைக் காலத்துக்கு மாற்றினால் அவை நெடுங்காலம் உழைக்கும். 3எல், 1கேடி, மிட்சுபிசி 4டி56 ஆகியவற்றில் இருப்பது டைமிங் பெல்ட். 3எல் எஞ்சினில் ஏறத்தாழ 100,000 கி.மீ. இற்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும். 4டி56 இல் சமநிலைத் தண்டுகளுக்கு இன்னொரு சிறிய பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதிதான். பழைய வாகனம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதே.

ஏற்றமும் இறக்கமும்

நுவரெலியாவின் உயரத்தில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 17% குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒட்சிசன் போதாமல் வலு குறைகின்றது. டீசல் முழுதும் எரியாமல் கரும்புகை வருகின்றது. டேர்போ வளியை நெருக்கி அனுப்பி இக்குறையை ஈடு செய்கின்றது. முறுக்கத்திலும் வேறுபாடு பெரிது: 3எல் தருவது 200 நியூற்றன் மீற்றரிலும் குறைவு, 1கேடி தருவது 343. அதுவும் நிமிடத்துக்கு 1400 சுழற்சி அளவிலேயே கிடைப்பதால், றம்பொடை ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. நாள்தோறும் சுமையுடன் நுவரெலியா செல்பவருக்கு, வடிகட்டியை ஒழுங்காக மாற்றும் பழக்கமும் இருந்தால், கொமன் ரெயிலே பொருத்தம். தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்துக்குள் குறுந்தூரம் ஓடுபவருக்குப் பழைய பொறிமுறை எஞ்சினே போதும்.

இறக்கத்தைப் பற்றி மாணவர்கள் எழுதுவதே இல்லை. பெற்றோல் எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடம் பிரேக்குக்கு உதவும். டீசல் எஞ்சினில் வளியைத் தடுக்கும் திரொட்டில் வால்வு பொதுவாக இல்லாததால் அவ்வெற்றிடம் கிடையாது. ஆகவே தனியாக ஒரு வெற்றிடப் பம்பு பொருத்தப்படும். பல ஜப்பானிய எஞ்சின்களில் அது ஒல்டனேற்றருடன் சேர்ந்தே சுழல்கின்றது. டீசலை மிச்சப்படுத்தவென எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடுகண்ணாவை இறக்கத்தில் உருட்டிச் சென்றால், ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிடும். ஒல்டனேற்றர் பெல்ட் அறுந்தாலும் இதுவே நடக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவும் வேண்டும். இல்லையேல் எஞ்சினின் தடை கிடைக்காமல் பிரேக் சூடேறித் தளரும்.

பயிற்சி வினா

18 வளைவுகளில் இறங்கும் டீசல் கெப் ஒன்றில் மின்கல எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. சில நிமிடங்களில் பிரேக் மிதி கடினமாகின்றது. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றைக் கூறி, சாரதி உடனே செய்ய வேண்டியதை எழுதுக.