பள்ளிச்சந்தம்: துறவியரின் வறுமையும் சங்கத்தின் செல்வமும்

பள்ளி என்னும் சொல் கல்விக்கூடத்தைக் குறிக்கும் முன்னரே துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. பள்ளிகொள்ளுதல் என்பது துயிலுதல். சமணரும் பௌத்தரும் தங்கிய இடம் அதனால் பள்ளியாயிற்று. அப்பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தைச் சோழர் கால ஆவணங்கள் பள்ளிச்சந்தம் என்கின்றன. கோயிலுக்கு விட்டது தேவதானம். அந்தணர்க்கு விட்டது பிரமதேயம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. பொன்னும் வெள்ளியும் ஏற்கலாகாது என்பது பௌத்தத் துறவியர்க்குரிய விநய விதி. அத்தகையோர்க்கு ஊரும் வயலும் எங்ஙனம் உரியவாயின?

விடையை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தின் செப்பேடுகளில் காணலாம். நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவ்விகாரம் சூடாமணிவர்மன், அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் ஆகிய கடாரத்தரசர்களால் எழுந்தது. கடாரம் இன்றைய கெடா என்பர்.

முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை இவ்விகாரத்திற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அதன் பரப்பு 97 வேலிக்கும் சற்று மிகுதி. அதற்குரிய காணிக்கடன் 8,900 கலத்திற்கு மேற்பட்ட நெல். காணிக்கடன் என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இறையிலி என்றதும் உழவர் ஏதும் செலுத்தவில்லை எனக் கருதிவிடலாகாது. கடன் அப்படியே நின்றது. அதனைப் பெறுவோரே மாறினர். அரசன் களஞ்சியத்திற்குரிய நெல் பள்ளியின் களஞ்சியத்தைச் சேர்ந்தது.

பின்னர் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆயினும் கொடைத் தொடர்பு அற்றுப்போகவில்லை. 1090இல் கடாரத்தரசரின் தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் விண்ணப்பம் செய்தனர். பள்ளிச்சந்த ஊர்களின் வரிகளை நீக்க வேண்டும் என்பதோடு, முன்பு காணி உடைய காணியாளரை விலக்கிச் சங்கத்தார்க்கே காணி உரிமை தர வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். அரசனும் இசைந்தான். நெல்லைப் பெறும் உரிமையோடு நிலத்தின் உரிமையும் பள்ளியைச் சேர்ந்தது.

நாம் எழுப்பிய வினாவிற்குச் சங்கத்தார் என்னும் அப்பன்மைச் சொல்லே விடை தருகிறது. தனித்துறவிக்கு உடைமை இல்லை, சங்கத்திற்கு உண்டு. ஒருமையில் வறுமையும் பன்மையில் செல்வமும் முரணின்றி நின்றன. கொடுத்தோர் புண்ணியம் பெற்றனர். துறவியர் உணவுக் கவலையின்றி நோன்பு காத்தனர்.

ஆயினும் ஆவணம் வாசிக்கும் மாணவர் இத்துடன் நிறைவுகொள்ளலாகாது. கொடுத்த அரசனும் கட்டுவித்த அரசனும் செப்பேட்டில் பெயர் பெற்றனர். விலக்கப்பட்டவரோ அத்தொடரில் ‘காணியாளர்’ என்னும் பொதுச்சொல் ஒன்றினுள் அடங்கிவிட்டனர். கொடையைக் கற்குங்கால் கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதோடு, இழந்தவர் யார் என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். கல்விக்கூடமாகிய இன்றைய பள்ளிக்கு அது தகுதியான பணியாகும்.