சி-17 காக்பிட்: பட்டனை மனப்பாடம் பண்ணா போதுமா?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு பெரிய ராணுவச் சரக்கு விமானத்தோட காக்பிட்டுக்குள்ள போகப்போறோம். போயிங் சி-17 குளோப்மாஸ்டர். 1991 செப்டம்பர்ல முதல்முறையா பறந்தது. 53 மீட்டர் நீளம், நாலு எஞ்சின், சுமார் 77 டன் வரைக்கும் சரக்கு ஏத்தலாம். இந்திய விமானப்படைகிட்டயும் 11 இருக்கு, டெல்லிக்குப் பக்கத்துல ஹிண்டன் தளத்துல.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு அடிப்படையா வேண்டியது மூணே பேர்தான். ரெண்டு பைலட், சரக்கைப் பார்த்துக்க ஒரு லோட்மாஸ்டர். இதுக்கு முந்தின சி-141, இதைவிடப் பெரிய சி-5 மாதிரி விமானங்கள்ல ஃப்ளைட் எஞ்சினியர்னு தனியா ஆள் இருப்பாங்க. எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக்ஸ் எல்லாத்தையும் கண்காணிக்கிறது அவங்க வேலை. சி-17-ல அந்த வேலையில பாதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு, மீதி பைலட் தலையில வந்து விழுந்தது. அதனால இதை ஓட்டக் கத்துக்கிறவங்க பறக்க மட்டும் தெரிஞ்சா பத்தாது, உள்ள என்ன ஓடுதுன்னும் தெரியணும். அமெரிக்க விமானப்படையில இதுக்கான பயிற்சி ஓக்லஹோமா மாநிலத்துல இருக்கிற ஆல்டஸ் தளத்துல நடக்குது.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது? தலைக்கு மேல இருக்கிற பேனலைப் பார்த்தா பயமாத்தான் இருக்கும். ஆனா அதை ஒவ்வொரு சுவிட்சா படிக்கக் கூடாது. சிஸ்டம் சிஸ்டமா படிக்கணும். நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜெனரேட்டர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹைட்ராலிக் சிஸ்டம். இந்த "நாலு நாலு" கணக்கு பிடிபட்டாலே பேனல்ல பாதி புரிஞ்சிடும். ஏன்னா ஒரே மாதிரி சுவிட்சுகள் நாலு முறை திரும்பத் திரும்ப வருது, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: "இது போச்சுன்னா கூட என்னெல்லாம் போகும்?" மூணாவது எஞ்சின் நின்னுடுச்சுன்னு வைங்க. உந்துவிசை மட்டும் குறையல. ஒரு ஜெனரேட்டர் போகுது, ஒரு ஹைட்ராலிக் சிஸ்டத்தோட பம்புகளும் போகுது. மத்த மூணும் அந்தச் சுமையை எப்படிப் பகிர்ந்துக்குது, பைலட் கையால எதை மாத்தணும்? நம்ம சாஃப்ட்வேர்ல டிபெண்டன்சி கிராஃப் வரைவோமே, கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து கன்ட்ரோல். பெரிய விமானம்னா ஸ்டியரிங் மாதிரி ஒண்ணு இருக்கும்னு நினைப்போம். சி-17-ல போர் விமானம் மாதிரி ஸ்டிக். பைலட் ஸ்டிக்கை அசைச்சா அது மின்சார சிக்னலா கம்ப்யூட்டருக்குப் போகுது. இந்த ஃப்ளை-பை-வயர் அமைப்பும் நாலு மடங்கு. அதுவும் போச்சுன்னா மெக்கானிக்கல் பேக்கப் இருக்கு. ரெண்டு பைலட்டுக்கும் கண்ணுக்கு நேரா ஹெட்-அப் டிஸ்ப்ளே இருக்கு. வேகம், உயரம் எல்லாம் கண்ணாடியிலயே தெரியும்.

புதுசா வர்றவங்க அதிகம் தடுமாறக்கூடிய இடம் தரையிறக்கம். சி-17-ல எஞ்சின் காத்து நேரா ஃப்ளாப் மேல அடிக்கிற மாதிரி வடிவமைச்சிருக்காங்க. அந்தக் காத்து கீழ திரும்புறதால கூடுதல் தூக்குவிசை கிடைக்கும். அதனாலதான் சுமார் 3,500 அடி ஓடுபாதையிலகூட இறங்க முடியுது. ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. இந்த நிலையில பவரைக் கூட்டினா, வேகத்தைவிட விமானம் இறங்குற பாதைதான் முதல்ல மாறும். வேகத்தை மூக்கோட கோணத்தை வச்சுப் பிடிக்கணும். வேற மாதிரி பழகின கைக்கு இது தலைகீழ் மாதிரி இருக்கும். சிமுலேட்டர்ல மணிக்கணக்கா உட்காருறது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்.

இப்போ எச்சரிக்கைகள். அவசரத்துல உடனே செய்ய வேண்டிய சில படிகளை வார்த்தை மாறாம மனப்பாடம் பண்ணணும். அமெரிக்க விமானப்படையில இதை "போல்டுஃபேஸ்"னு சொல்லுவாங்க. மத்ததுக்கு செக்லிஸ்ட். ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் பார்த்துட்டுப் பதில் சொல்லணும்.

இதெல்லாம் தெரிஞ்சும் என்ன நடக்கும்? 2010 ஜூலை 28, அலாஸ்காவுல எல்மெண்டார்ஃப் தளம். விமானக் கண்காட்சிக்கு ஒத்திகை. ஒரு சி-17 கிளம்பி செங்குத்தா ஏறி, தாழ்வான உயரத்துலயே வலது பக்கம் இறுக்கமா திரும்புது. ஸ்டால் எச்சரிக்கை வருது. அதாவது, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகுதுன்னு விமானமே சொல்லுது. திருப்பம் நிக்கல. விமானம் விழுந்தது, உள்ள இருந்த நாலு பேரும் இறந்துட்டாங்க.

ஏன் ஆபத்துன்னு ஒரு கணக்கு பார்ப்போம். உயரம் குறையாம 60 டிகிரி சாய்ஞ்சு திரும்பினா, இறக்கை வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு தூக்கணும். அப்போ ஸ்டால் ஆகுற வேகம் சுமார் 41 சதவீதம் கூடும். நேரா பறக்கும்போது பாதுகாப்பான வேகம், திருப்பத்துல பத்தாது. மூக்கை இறக்கணும், சாய்வைக் குறைக்கணும். அதுக்கு உயரம் வேணும். அங்க அந்த உயரம் இல்ல.

இது அனுபவமில்லாத குழு இல்ல. அந்த மாதிரி ஒத்திகைகள்ல அந்த எச்சரிக்கை வர்றதும் போறதும் பழகிப்போயிருந்துச்சு. விசாரணை அறிக்கை பைலட் தவறை மட்டும் சொல்லல, கண்காட்சிப் பறப்புகளை மேற்பார்வை பண்ண விதத்தையும் குறை சொல்லுச்சு.

எங்க வேலையில இதை அலர்ட் ஃபெடீக்னு சொல்லுவோம். தினமும் வர்ற அலர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கிறதில்ல. நம்ம ஊருல சர்வர் போனா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். காக்பிட்ல அந்த வசதி கிடையாது. அதனால சிஸ்டம் படிக்கும்போது "இந்த விளக்கு எப்போ எரியும்?"னு மட்டும் கேட்காதீங்க. "இது எரிஞ்சா நான் எதை நிறுத்தணும்? நான் நிறுத்தலன்னா பக்கத்து சீட்ல இருக்கிறவர் என்ன சொல்லணும்?" இதையும் சேர்த்துப் படிக்கணும்.

வீட்டுல சிமுலேட்டர் வச்சிருக்கிறவங்க இன்னைக்கே ஒண்ணு பண்ணிப் பாருங்க. நல்ல உயரத்துல 60 டிகிரி சாய்ச்சு, எந்த வேகத்துல எச்சரிக்கை வருதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் நேரா பறந்து அதே வேகத்தைப் பாருங்க. வித்தியாசம் தெரியும். அடுத்த எபிசோட்ல லோட்மாஸ்டரோட எடைக் கணக்கைப் பார்ப்போம்.