மாமாவின் ஒரு சொம்புத் தண்ணீர்

தோழிகளே, சிறுநீரக நோய் பரம்பரையாகவும் வரும், தெரியுமா? அம்மாவைப் பெத்த தாத்தாவுக்கு இருந்தது. இப்போ எங்க மாமாவுக்கு. இரண்டு சிறுநீரகத்திலும் திராட்சைக்கொத்து மாதிரி நீர்க்கட்டிகள். வயசு ஏற ஏற அதுவும் பெருசாகும். ஒட்டுவாரொட்டி கிடையாது. (ஆனாலும் பக்கத்து வீட்டில் மாமாவுக்குத் தனி டம்ளர்!)

வாரம் 3 நாள், 4 மணி நேரம் டயாலிசிஸ். முதல் பஸ்சில் போய்த் திரும்பினால் அசதியில் படுத்துவிடுவார். வயல் வேலை போச்சு. அதைவிடக் கொடுமை தாகம். சிறுநீர் சரியாகப் பிரியாததால், குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் அத்தை காலையிலேயே சொம்பில் அளந்து வைத்துவிடுவார். மோர், காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். பார்க்க வருகிறவர்கள் பாசமாக இளநீர் கொண்டுவருவாங்க. அதில் பொட்டாசியம் அதிகம், மாமாவின் இதயத்துக்கே ஆபத்து. நான்தான் குடிப்பேன்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா ஸ்கேன் எடுக்கவே பயந்தாங்க. ரத்த அழுத்தம் ஏறுவதை முன்னாடியே கண்டுபிடித்து மாத்திரை போட்டால், சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னார். சனிக்கிழமை அம்மா போறாங்க. துணைக்கு நானும்.