சங்கு ஊதிய பிறகு யோசிக்காதீர்கள்!

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரில் சனிக்கிழமைதோறும் நடுப்பகல் 12 மணிக்கு அபாயச் சங்கு அலறும். புதிதாகக் குடிவந்தவர்கள் பதறிப் போவார்கள். பழகிய வீட்டுக்காரியோ கையிலிருக்கும் கரண்டியைக்கூடக் கீழே வைக்கமாட்டாள். சங்கு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஒத்திகைதான் அது!

எதற்காக இந்தச் சங்கு என்று கேட்கிறீர்களா? 'டார்னடோ' என்னும் சுழல்காற்றுக்காக. கடலில் பிறக்கும் புயல் நாள் கணக்கில் நகர்ந்து வந்து கரையைத் தொடுகிறது. டார்னடோ அப்படியல்ல. இடிமேகத்திலிருந்து யானையின் துதிக்கைபோல் தரைக்கு இறங்கும். வழியிலுள்ள வீடுகளைப் பிய்த்தெறியும். பெரும்பாலும் சில நிமிஷங்களில் மறைந்துவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000-க்கு மேல் இப்படி இறங்குகின்றன.

ஜனங்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, அந்நாட்டு வானிலை இலாகா ஒரு காலத்தில் தன் அறிவிப்புகளில் 'டார்னடோ' என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப் படைத் தளத்தை ஒரு டார்னடோ சூறையாடியது. ஐந்து நாள் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி தென்பட்டன. ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் துணிந்து முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். அன்று மாலையே டார்னடோ வந்தது!

இப்போது எச்சரிக்கைக்கு இரண்டு படிகள் உண்டு. முதலாவது 'வாட்ச்'. அடுப்பில் பால் காய்கிறது, ஒரு கண் வைத்திருங்கள் என்பது போல. அடுத்தது 'வார்னிங்'. பால் பொங்கியே விட்டது என்று அர்த்தம்! ராடாரில் மேகம் சுழல்வது தெரிந்தாலோ, யாராவது கண்ணால் பார்த்தாலோ இது பிறக்கும். அதற்குப் பிறகு கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய பத்து நிமிஷந்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். பெரும்பாலான வார்னிங்குகளுக்குப் பிறகு டார்னடோ வருவதில்லை. அடிக்கடி சங்கைக் கேட்ட காது அதை அலட்சியம் செய்யத் தொடங்குகிறது. இதைக் குறைக்கத்தான் 2007 முதல் மாவட்டம் முழுவதையும் எச்சரிக்காமல், ஆபத்துள்ள பகுதியை மட்டும் வரைபடத்தில் கோடிட்டு எச்சரிக்கிறார்கள்.

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. மிஸ்ஸௌரி மாநிலத்தின் ஜாப்லின் நகரில் சங்கு ஊதியது. பலர் உடனே ஒளிந்துகொள்ளவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், டெலிவிஷனைத் திருப்பினார்கள், இன்னொரு அத்தாட்சிக்காகக் காத்திருந்தார்கள். அன்று இறந்தவர்கள் 150 பேருக்கு மேல்! சங்கு ஊதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்புவதற்குள் நேரம் போய்விட்டது.

ஆகையால் அனுபவசாலியான குடும்பத் தலைவி சங்குக்காகக் காத்திருப்பதில்லை. நிலவறை இருந்தால் அது. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத உள்ளறை என்று முன்பே தீர்மானித்து வைக்கிறாள். குழந்தைகளின் பாதரட்சையையும், தலைக்கு ஹெல்மெட்டையும் அங்கேயே வைத்துவிடுகிறாள். உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு நடக்க முடியுமா? குழந்தைகளுக்கும் ஒத்திகை நடத்துகிறாள்.

ராடாரும் சங்கும் கொடுப்பது பத்து நிமிஷம். 'எங்கே போவது, யார் பாப்பாவைத் தூக்குவது?' என்ற கேள்விகளுக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் இடமில்லை, சகோதரிகளே! அவற்றுக்கு வானம் வெளுத்திருக்கும் நாளில் பதில் கண்டுபிடித்துவிட வேண்டும்.