ஆட்டம் முடிந்தபின் போடும் இலை

வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை ஆடுகளம் சொல்லிவிடும். ஆனால் எதிர்த்து ஆடியவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் நாடி வருவார்களா என்பதை ஆடுகளத்தால் சொல்ல இயலாது. அதற்கு ஒரு பந்தி வேண்டும். விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் விளையாட்டு உலகில் இதை நன்குணர்ந்து, எழுதாச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டவர்கள் ரக்பி ஆட்டக்காரர்கள். நஞ்சன்கூட்டில் அந்த ஆட்டத்தை நேரில் கண்டவர் மிகச் சிலரே இருப்பர். இருந்தும் அவர்களுடைய வழக்கத்தைப் பற்றி இவ்விதழில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. இம்மாதக் கடைசியில் கூடும் நம் சங்கப் பொதுக்குழுவின் முன் வரவிருக்கும் ஒரு தீர்மானமே அது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பின்னால் வரும் தோழனுக்கே கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். நம் சடுகுடுவின் முரட்டுத்தனமும் உதைபந்தின் ஓட்டமும் ஒன்று கலந்தது என்று கொள்ளலாம். நாற்பது நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளாக இது நடைபெறும். ஆனால் பழைய ஆட்டக்காரரைக் கேட்டால் ‘மூன்றாம் பாதி’ என்று ஒன்று உண்டு என்பார். அதுதான் ஆட்டத்திற்குப் பின் நடக்கும் விருந்து.

அவ்விருந்துக்கும் முறை உண்டு. உள்ளூர் அணியே செலவை ஏற்கும். வந்த அணியினர் தனியே ஒரு மூலையில் அமராமல், சற்று முன்பு தம்மை வீழ்த்தியவனின் அருகிலேயே அமர்வர். நடுவருக்கும் அங்கே இடம் உண்டு. இரண்டு அணித்தலைவர்களும் எழுந்து பேசுவர். தம் அணியைப் பற்றி அன்று, எதிரணியைப் பற்றி. கழுத்துப்பட்டியோ சிறு கேடயமோ கைமாறும். 1995 வரை இந்தப் பதினைவர் ஆட்டத்தில் ஊதியம் வாங்குவது விதிக்கு மாறானது. ஆகவே அயலூர் சென்று ஆடி, அடிபட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிய ஓர் எழுத்தனுக்கோ சுரங்கத் தொழிலாளிக்கோ அந்த ஒருவேளை உணவுதான் மரியாதை.

இவ்வழக்கத்தின் சிகரம் என்று ‘பார்பேரியன்ஸ்’ கழகத்தைச் சொல்லலாம். 1890 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில், சுற்றுப்பயணம் வந்திருந்த ஆட்டக்காரர் சிலர் ஓர் உணவு விடுதியில் இரவு விருந்துண்டனர். பெர்சி கார்ப்மேல் என்பவர் அங்கே ஒரு யோசனை சொன்னார்: பல கழகத்தாரும் கூடி, ஊர் ஊராய்ச் சென்று ஆடுவதற்கென்றே ஒரு கழகம் அமைப்போம் என்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே முதற் பயணம் புறப்பட்டது. அக்கழகத்திற்குச் சொந்த மைதானம் இல்லை. சொந்தக் கட்டடமும் இல்லை. அழைக்கப்பட்டவரே அதில் ஆடலாம். ஆட்டத் திறமையோடு, களத்திலும் வெளியிலும் நன்னடத்தை உடையவரா என்பதையும் பார்த்தே அழைப்பர்.

புகைவண்டி அலுவலகத்தில் நாளெல்லாம் கால அட்டவணையைப் புரட்டும் நமக்கு அவர்களுடைய ஈஸ்டர் பயணம் தனியின்பம் தருகிறது. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் பெனார்த் என்ற சிற்றூரில் தங்குவர். புனித வெள்ளியன்று அங்கேயே ஆட்டம், சனிக்கிழமை கார்டிஃப், ஞாயிறு ஓய்வு, திங்கள் சுவான்சி, செவ்வாய் நியூபோர்ட். ஐந்து நாளில் நான்கு ஆட்டம்! எல்லாம் வண்டியேறிச் சென்று அன்றே திரும்பக்கூடிய ஊர்கள். சிற்றூராகிய பெனார்த்துக்கு அது ஒரு திருவிழாவாகவே இருந்தது. அவ்வூரோடு ஆடும் வழக்கம் 1980களில் முடிவுற்றது.

அவர்களுடைய மற்றொரு வழக்கம், ஊர்விட்டு ஊர்வந்த நம் போன்றோர் நெஞ்சில் நிற்பது. மேற்சட்டை எல்லாருக்கும் ஒன்று: கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள். காலுறை மட்டும் அவரவர் சொந்தக் கழகத்துடையது. ஒரே அணியில் பதினைந்து வகைக் காலுறைகள் ஓடும்! புதிய கூட்டத்தில் சேர்ந்ததனால் பழைய ஊரை மறக்க வேண்டியதில்லை என்பதை இதனினும் எளிதாய் யார் காட்ட முடியும்?

இது வெள்ளையர் நாட்டுக் கதைதானே எனலாம். நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. 1872 டிசம்பர் 25 அன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் மறுபுறமுமாக ஆடினர். அடுத்த மாதமே கல்கத்தா உதைபந்துக் கழகம் தோன்றியது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆட்டக்காரரை மிகுதியாய்த் தந்த படைப்பிரிவு ஊர் மாறிற்று. போலோவும் டென்னிசும் பலரை இழுத்துக்கொண்டன. கழகத்தில் இலவசமாய் வழங்கி வந்த மதுவை நிறுத்தியதும் உறுப்பினர் தொகை மளமளவெனக் குறைந்ததாம்! எஞ்சியவர்கள் கையிருப்பைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களில் 270ஐ உருக்கி ஒரு கோப்பை செய்வித்தனர். அதற்கு மூன்று நாகங்கள் கைப்பிடி. மூடியின்மேல் அம்பாரியோடு ஒரு யானை. அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்திற்கு அளித்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் ‘கல்கத்தா கோப்பை’க்காக இன்றளவும் மோதி வருகின்றன.

இந்தியாவில் ஆட்டம் அத்துடன் மறைந்துவிடவில்லை. 1924இல் அகில இந்தியப் போட்டி தொடங்கியது. சென்னையில் ஜிம்கானா கழகம் இவ்வாட்டத்தைப் பேணியது. இலங்கை மலைநாட்டிலோ திம்புளை, திக்கோயா, ஊவாப் பகுதித் தோட்டத் துரைமார் கழகம் அமைத்து, மலைப்பாதைகளில் பயணம் செய்து ஆடினர். அந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய நம் தமிழ்த் தொழிலாளருக்கு அப்பந்தியில் இலை போடப்படவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. துரைமார் காலம் போயிற்று. ஆட்டம் அந்நாட்டு மக்களுடையதாயிற்று. 1945இல் தொடங்கிய பிராட்பி கேடயப் போட்டியில் கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும், கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக ஆடுவது மரபு. நரைத்த தலையோடு பழைய மாணவர்கள் மலையேறிப் போவதும், கடற்கரைக்கு இறங்கி வருவதும் அந்தப் போட்டியில் பாதி.

இவ்வழக்கத்தின் குறையையும் மறைக்கலாகாது. மூன்றாம் பாதி பல இடங்களில் குடியாகவே முடிந்திருக்கிறது. 1988இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, குடிமயக்கத்திலிருந்த இரு நாட்டு ஆட்டக்காரர்கள் அந்தக் கல்கத்தா கோப்பையைத் தெருவில் உதைத்து உருட்டினர். நூறாண்டு கண்ட வெள்ளி நசுங்கியது. அதைச் செப்பனிட வேண்டியதாயிற்று, தண்டனையும் விதிக்கப்பட்டது. ‘பயணத்தில் நடந்தது பயணத்தோடு போகட்டும்’ என்று அவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைச் செய்துவிட்டு வருவதற்கு நட்பு என்று பெயரிடுவதை நாம் ஏற்க மாட்டோம். மதுவால் கூடிய கூட்டம் மது நின்றதும் கலையும் என்பதைக் கல்கத்தாக் கழகமே காட்டிவிட்டது.

குடியை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? அதை முதிய ஆட்டக்காரரிடம் காணலாம். ஜப்பானின் தோக்கியோ நகரில் 1948இல் ‘ஃபுவாகு’ என்ற கழகம் தோன்றியது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கே அதில் இடம். ‘ஐயம் நீங்கியவர்’ என்பது அப்பெயரின் பொருள். நாற்பதில் மனிதன் ஐயம் நீங்குகிறான் என்ற கன்ஃபூசியசின் கருத்திலிருந்து எடுத்தது. அங்கே அறுபதுகளில் இருப்பவர் சிவப்புக் காற்சட்டையும், எழுபதுகளில் இருப்பவர் மஞ்சளும், எண்பதுகளில் இருப்பவர் ஊதாவும் அணிகின்றனர். எண்பது வயதிலும் பந்தோடு ஓடுகின்றனர். நிறம் எதற்கு? யாரை எவ்வளவு வேகத்தில் மோதலாம் என்று எதிரில் வருபவன் அறிந்துகொள்ளத்தான். முதுமையை மறைக்காமல் பலரறிய உடுத்திக்கொள்ளும் துணிவு வியப்பிற்குரியது.

1979இல் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில், முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான ரக்பி விழாவொன்று தொடங்கியது. பின்னர் அது நாடு நாடாக நடைபெறலாயிற்று. அங்கே சாம்பியன் பட்டம் இல்லை. மிக முதியவரைத் தள்ளி வீழ்த்தலாகாது. கடல் கடந்து வருகிறார்கள், ஆடுகிறார்கள், ஒன்றாக உண்கிறார்கள். வலிமை போனபின்னும் ஒரு மனிதன் தன் கூட்டத்தில் இருக்கலாம் என்பதே அந்த விழாவின் பொருள்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். நம் சங்கத்து மூத்தோர் பூப்பந்துக் குழு ஆண்டுக்கொருமுறை சாமராஜநகர் சென்று ஆடுவதும், அவர்கள் இங்கு வந்து ஆடுவதும் அன்பர்கள் அறிந்ததே. தஞ்சையில் பிறந்த பூப்பந்து கன்னட நாட்டிலும் வேரூன்றியிருப்பதால் இது இயன்றது. அவர்கள் நமக்கு ராகி முத்தையும் அவரைக்காய்ச் சாறும் படைக்கிறார்கள். நாம் புளியோதரையும் தயிர்ச்சாதமும், விளைச்சல் அருகிவிட்ட நம்மூர் ரசபாளை வாழைப்பழமும் கிடைத்தவரை படைக்கிறோம். சென்ற ஆண்டு இலைக்கு 90 ரூபாயாக 40 இலைக்கு 3,600 ரூபாய் ஆயிற்று. இச்செலவை நிறுத்திப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்குக் கொடுக்கலாம் என்பதே தீர்மானம். கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள். நோட்டுப் புத்தகமும் வேண்டியதுதான். அதற்கு வேறு வழி தேடுவதில் நாமும் உடன் நிற்போம்.

ஆனால் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பூசல் மூண்டு, பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்த நாட்களில் நம் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. அப்போது சாமராஜநகர்க் குழுவின் பெரியவர் ஒருவர் மாலைதோறும் தொலைபேசியில் அழைத்து, “எல்லோரும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். உள்ளூரில் நம்மோடு ஆடும் கன்னட நண்பர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்து, நம் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர்களோடு நாம் ஆடிய ஆட்டங்களில் எத்தனை வென்றோம், எத்தனை தோற்றோம் என்று இன்று எவருக்கும் நினைவில்லை. எந்த ஆண்டு யார் வீட்டுப் புளியோதரை என்பது மட்டும் இருசாராருக்கும் நினைவிருக்கிறது.

ஆகவே விருந்தை நிறுத்தாமல் செம்மைப்படுத்துவோம் என்பது நம் வேண்டுகோள். மது அறவே கூடாது. பெண்டிரும் பிள்ளைகளும் சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் மட்டுமன்றி, முதற் பந்தியிலேயே அமரட்டும். நடுவருக்கும் வண்டியோட்டிக்கும் இலை போடுவோம். நம் அணித்தலைவர் எழுந்து எதிரணியைப் பாராட்டி இரண்டு வாக்கியமேனும் கன்னடத்தில் பேசட்டும். முழங்கால் வலியால் ஆட முடியாத மூத்தவர்களை வீட்டில் விட்டுவிடாமல் வண்டியில் உடன் அழைத்துச் செல்வோம். வேண்டுமானால் ஊதாக் காற்சட்டை தைத்துக் கொடுப்போம்! அந்த 3,600 ரூபாயில் நாம் வாங்குவது என்ன என்பதைப் பொதுக்குழுவில் கை தூக்குமுன் அன்பர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.