பிளக் பாயின்ட் ஏன் கருகுகிறது?

மெயினை அணைத்துவிட்டு, பழைய வீட்டில் கருகிய பிளக் பாயின்டைக் கழற்றிப் பாருங்கள். மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். உள்ளே, அந்தத் துளைக்கான திருகு விரலால் திருப்பினாலே சுற்றும்.

குற்றவாளி அந்தத் திருகுதான். செம்புக் கம்பி சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்து திருகு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் கம்பியும் சாக்கெட்டின் பித்தளையும் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும். அங்கே மின்தடை ஏறும். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தின் தடை வெறும் 0.5 ஓம் என்றாலும், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 21 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூட்டை மிளகளவு இடத்தில் அடைத்தது போல!

இதற்கு ஃபியூஸ் ஏன் போகவில்லை? அது தன் வழியே செல்லும் மின்னோட்டத்தின் அளவை மட்டுமே கவனிக்கும், சாக்கெட்டின் சூட்டை அல்ல. மின்னோட்டம் கூடவே இல்லையே.

சரிசெய்ய மெயினையே அணையுங்கள். ஸ்விட்சை நம்பாதீர்கள், பழைய வயரிங்கில் அதை நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. மெயினை அணைக்கும் முன்பே டெஸ்டரைக் கரன்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அணைத்தபின் இங்கே வைத்துப் பாருங்கள். கருகிய கம்பி முனையை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியச் சீவி, புது சாக்கெட்டில் இறுக்குங்கள். பழைய சாக்கெட்டின் பித்தளை சூட்டில் இளகிப் பிடிப்பு இழந்திருக்கும். ஹீட்டருக்கோ தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.